பிஸ்கட் நீட்டிய பெண்மணி

தாம்பரம் ஸ்டேஷனில் காலை நேரங்களில் அவரைப் பார்ப்பேன். கடத்தப்படும் சிறுமிகளை மீட்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. நாற்பது வயதிருக்கும். கசங்கிய காட்டன் புடவை, கையில் எப்போதும் பிரித்த பிஸ்கட் பாக்கெட். தெற்கிலிருந்து வரும் ரயில்களில் இறங்கும் சிறுமிகளிடம் அதை நீட்டுவார்.

"எதுக்கு மேடம் பிஸ்கட்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சொந்த அப்பாவோட வர்ற பொண்ணு சிரிச்சுட்டு வாங்கிக்கும் சார். ஏஜென்ட்டோட வர்றது பயந்துபோய் மொதல்ல அவன் மூஞ்சியப் பாக்கும்." அப்படிப் பார்த்தால் ரயில்வே போலீஸைக் கூப்பிடுவார்.

ஒரு மழை நாளில் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவரிடம் பிஸ்கட் வாங்கிப் போன ஒரு சிறுமியை, பம்மலில் பூட்டிய வீட்டிலிருந்து குற்றுயிராக மீட்டிருந்தார்கள்.

"எறங்கறதுக்கு முன்னாடியே ஏஜென்ட் சொல்லிக் குடுத்துட்டானாம் சார். ஒரு அக்கா பிஸ்கட் குடுக்கும், என் மூஞ்சியப் பாக்காம சிரிச்சுட்டே வாங்கிக்கோன்னு. நானே டாட்டா காட்டி அனுப்பிட்டேன். இனிமே எதப் பாத்துக் கண்டுபுடிக்கறது?"

சில நாள் கழித்து என் மகளோடு எழும்பூருக்குக் கிளம்பினேன். பிளாட்பாரத்தில் அவர் வந்து அவளிடம் பிஸ்கட்டை நீட்டினார். யார் எது கொடுத்தாலும் கேட்காமல் வாங்கக் கூடாது என்று வளர்த்த பிள்ளை. என் முகத்தைப் பார்த்தாள். "வாங்கிக்கோ" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

என்னோடு தினமும் பேசுகிறவர், என் மகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பயப்படாம சொல்லும்மா. இவரு உனக்கு யாரு?"