இரண்டாம் பாகத்தில் விழுந்தவன்

டிவி ஆட்டத்தின் பொத்தான் கட்டையை என் மதினி இரண்டு கைகளாலும், ஆரத்தித் தட்டைப் பிடிப்பதுபோல் பிடித்திருப்பார். அவர் என் கணவரின் அக்கா. எண்பதுகளில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன என் கொழுந்தன், ஒரு விடுமுறையில் அந்த ஆட்டப் பெட்டியை எங்கள் ஊரான போடிக்குக் கொண்டுவந்தான். மலைப் பாதையில் ஒருவன் பள்ளங்களைத் தாண்டி உச்சிக்குப் போக வேண்டும். தவறி விழுந்தால் திரை ஒருமுறை இருண்டு வெளுக்கும். அவனே மறுபடியும் பாதையில் எழுந்து நிற்பான். அப்போது மட்டும்தான் மதினியின் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியும்.

அவர் கணவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஏலக்காய் எஸ்டேட்டில் மேற்பார்வை வேலை. அந்தப் பெட்டி வருவதற்கு முன்பே, நான் மருமகளாக வந்த வருஷத்து அடைமழையில், அடிவாரத்துக் குரங்கணியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் மலையேறிப் போனவர் எஸ்டேட்டுக்கும் போய்ச் சேரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பாதை நெடுகத் தேடியும் ஒரு தடயம் இல்லை. மலையாளத்துப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று ஊர் பேசியது. மதினி பொட்டையும் அழிக்கவில்லை, யாரிடமும் மறுத்துப் பேசவுமில்லை.

அடுத்த விடுமுறைக்குக் கொழுந்தன் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் கொண்டுவந்தான். நாங்கள் வாயைப் பிளந்தோம். மூடுபனி நிஜமாகவே நகர்ந்தது. எங்கோ தண்ணீர் விழும் ஓசை கேட்டது. முதல் பாகத்தை மனப்பாடமாக ஆடிய மதினியிடம், "எப்படிக்கா இருக்கு?" என்று அவன் கேட்டான்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எந்திரிச்சு வாறவன் பழைய ஆளு மாதிரி தெரியலயே."

அவர் சொன்னது சரிதான். சற்று நேரத்தில் மதினி, மேல்பாதையை விட்டு அடியில் ஓடும் ஓடை வழியாக அவனை நடத்தினார். ஒரு பாறைக் குடைவுக்குள் யாரோ கவிழ்ந்து கிடந்தார்கள். பாதையில் நடக்கிறவன் போட்டிருந்த அதே சட்டை.

"இது யாருடா தம்பி?"

"நீ முதல்ல விழ வச்சியே, அவன்தான். இதுல விழுந்தவன் விழுந்த இடத்துலயே கெடப்பான். வாறது புது ஆளு."

பனி அந்த உடல்மேல் படர்ந்து விலகியது. மதினி ஆளை மேலே ஏற்றி விளிம்பில் நிறுத்திப் பார்த்தார், குடைவு தெரியவில்லை. ஓடைக்கு இறக்கினார், தெரிந்தது. இப்படியே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர், கட்டையைக் கீழே வைத்தார்.

"அவர மேலருந்துல்ல தேடுனோம்," என்றார். "அந்தக் குரங்கணி ஓடை வழியா யாரும் போகலயே."

பைத்தியக்காரத்தனம் என்று என் கணவர் கத்தினார். "அப்ப நான் தனியாப் போறேன்," என்று மதினி சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பியதும், நாங்களும் பின்னால் போனோம்.

போலீசுக்குச் சொன்னது, காரியம் செய்தது, ஊர் வாயடைத்தது, எல்லாம் பிறகு முறைப்படி நடந்தன. மதினி அதற்கப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவேயில்லை. இன்று அந்த ஆட்டத்தின் புதுப்புதுப் பாகங்களை என் மகளோடு உட்கார்ந்து ஆடுகிறேன். விழுந்தவன் ஒளிப்பொடியாகி மறைந்துவிடுகிறான். அவளுக்கு அது அழகாக இருக்கிறது. நான் கட்டையைக் கீழே வைத்துவிடுகிறேன். காரணம் அந்த ஓடை.

அன்று நீர் வற்றியிருந்த ஓடையில் வெகுதூரம் ஏறியபின், பாறை இடுக்கில் குடைக்கம்பிகள் தெரிந்தன. அப்பால், அண்ணன் வேட்டிமேல் எப்போதும் கட்டும் பச்சை பெல்ட்டு, மக்காமல். அதற்குமேல் பார்க்க என்னால் முடியவில்லை. மதினி அழவில்லை, பெல்ட்டை எடுத்து மடியில் வைத்து மண்ணைத் துடைத்தார். அப்போதுதான் பனி இறங்கியது. நிமிர்ந்தால், மேலே பாதை விளிம்பில் ஓர் ஆள் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரப்பா அது?" என்று கொழுந்தன் கூவினான்.

மதினி எழுந்து, பெல்ட்டை இரண்டு கைகளாலும் உயர்த்திக் காட்டினார்.

"உங்கள எடுத்துட்டோம். நீங்க வெரசா மேல போங்க."

அந்த உருவம் திரும்பி, எஸ்டேட் இருக்கும் திசையில் ஏறத் தொடங்கியது.