மூக்கைப் பொத்தாத கணக்கப்பிள்ளை

தோல் பதனிடற ஷாப்புல வேலை பார்க்கிறவன் தெருமுனை திரும்பும்போதே வீட்டுல இலை போட்டுடுவாங்க. அவனுக்கு முன்னாடி அவன் வாசனை வந்து சேர்ந்துடும். அந்த வேலையில சேர நான் பட்ட பாடு, வேலை கேட்டு நடையா நடந்த உங்களுக்குத்தான் புரியும். வெள்ளைக்காரன் காலம். பள்ளிக்கூடத்தை முடிச்சுட்டு குடியாத்தத்துல சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமன் மகள் காமாட்சியை எனக்குன்னு பேசி வெச்சிருந்தாங்க. திடீர்னு மாமா, ஆடி பொறக்கிறதுக்குள்ள சம்பளக்காரனா வந்து நில்லு, இல்லைன்னா ஆவணியில வேற இடத்துல முடிச்சுடுவேன்னுட்டார். எனக்குக் காமாட்சின்னா உசுரு.

எடுக்கிறவரும் அனுப்புறவரும்

ஆம்பூர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேர் நடத்தின சின்ன ஷாப்பு அது. கணக்கு எழுத ஆள் வேணும், திங்கக்கிழமை வரச் சொல்லுன்னு அண்ணன்காரர் பெரிய பாய் ஒரு வண்டிக்காரன்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தார். போனா, அவர் மெட்ராஸுக்குப் போயிட்டாராம். தம்பி சின்ன பாய் வாசல்ல, தோல் பதம் பண்ற ஆவாரம்பட்டை மூட்டை மேல தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கணக்குக்கு ஆளே வேணாம்னார். அப்போ எதுக்கு வரச் சொன்னாங்கன்னு கேட்டேன். கோபமே இல்லாம பதில் வந்தது: "ஆள் எடுக்கறது அண்ணன் வேலை, திருப்பி அனுப்பறது என் வேலை. பேஜார் பண்ணாம வியாழக்கிழமை வா தம்பி."

நாற்காலி மரியாதை

அன்னிக்கு ரயிலடிக்குப் போறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. வியாழக்கிழமை ஜலதோஷத்துல மூக்கு ரெண்டும் அடைச்சுக்கிட்டுத்தான் போனேன். எனக்கு முன்னாடியே மூணு பேர் அதே வேலைக்கு வந்து, துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாங்க. பெரிய பாய் வந்தார். மெட்ராஸ் ஏஜெண்டோட ஆளுன்னு நினைச்சாரோ என்னவோ, எனக்கு மட்டும் நாற்காலி போட்டு டீ வரவழைச்சார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, நீங்களே இவங்களை நாலு கேள்வி கேளுங்கன்னு சொல்லிட்டு சுண்ணாம்புக் குழிப் பக்கம் போயிட்டார்.

என் வேலைக்கு வந்தவங்களை நானே எடை போடணுமாம், கொடுமையைப் பாருங்க! அதுல ஒருத்தன் கணக்குல புலி. வட்டிக் கணக்கை வாயாலயே சொல்றான். காமாட்சி கைவிட்டுப் போச்சுன்னே நினைச்சேன். பெரிய பாய் திரும்பி வந்து யார் தேவலைன்னு கேட்டார். நாக்கு நுனிக்கு வந்த பொய்யை முழுங்கிட்டு அவனைக் காட்டினேன். நானும் வேலைக்குத்தான் வந்தேன்னும் சொல்லிட்டேன். பெரிய பாய் என்னை மேலும் கீழும் பார்த்துட்டு, மூணு பேரையும் அனுப்பிட்டார். ஜலதோஷத்தைப் பத்தி நான் மூச்சு விடல. அவர் சொன்னார்: "கணக்கு யாருக்கும் வரும். மூக்கைப் பொத்தாம இங்க டீ குடிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

மூக்கு திறந்த நாள்

மாப்பிள்ளை வேலை நெஜமான்னு பார்க்க மாமா கிளம்பி வந்தார். அவர் வர்ற அன்னிக்கா ஜலதோஷம் விடணும்? ஊறப்போட்ட தோலும் சுண்ணாம்பும் சேர்ந்து, அப்பப்பா! கொல்லைக்கு ஓடி, காலையில குடிச்ச கூழை அப்படியே வாந்தி எடுத்தேன். நிமிர்ந்தா எதிர்ல சின்ன பாய், ஆளைத் திருப்பி அனுப்பற மனுஷன். வாசல்ல மாமாவோட ஜட்கா வந்து நிக்குது. தொலைஞ்சேன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சின்ன பாய் சொம்புல தண்ணி கொடுத்தார். காதுல செருகியிருந்த பஞ்சை எடுத்து, அதுல இருந்த அத்தரை என் மூக்குக்குக் கீழே தடவினார். சுத்திமுத்திப் பார்த்துட்டு மெதுவாச் சொன்னார்: "வாயால மூச்சு விடு தம்பி. நான் பொறந்ததுல இருந்து அப்படித்தான் விடறேன், அண்ணனுக்குத் தெரியாது."

மாமா மூக்கைப் பொத்திக்கிட்டே எல்லாத்தையும் பார்த்துட்டுப் போனார். ஆவணியில எங்க கல்யாணம். இன்னிக்கு அந்த ஷாப்பும் இல்ல, பாய்ங்க ரெண்டு பேரும் இல்ல. பாலாத்துக் காத்துல எப்பவாச்சும் அந்த வாசனை வந்தா நல்லா இழுத்துக்கறேன், பக்கத்துல காமாட்சி மூக்கைப் பொத்திக்கறா. ஜலதோஷம் பிடிச்சா சலிச்சுக்காதீங்க, எங்க வீட்டு அடுப்பை ஏத்தி வெச்சதே ஒரு ஜலதோஷந்தான்.