ஒன்பது மணிப் பூஜையும் எட்டுக் கட்டில் அறையும்

நர்ஸிங் மாணவிகள் விடுதியில் வார்டன் வேலை என்றால், ஊரே முழித்திருக்கும் நேரத்தில் எட்டுப் பேரைத் தூங்க வைக்கும் வேலை. பகலில் கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, வாசலில் மீன்காரம்மா கூவினதும் பதறின தாய்மார்களுக்கு என் கஷ்டம் புரியும். என் பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை, கல்யாணம் என்று போனபிறகு, 2008-ல் சிதம்பரத்தில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். படிப்பு ஒன்பதாவதுதான்.

நின்றபடி தூக்கம்

செல்வி பண்ருட்டிப் பொண்ணு, மூன்றாம் வருஷம். அவளுக்கு இரண்டு வாரம் நைட் டூட்டி. முதல் வாரமே ஒரு பெரியவருக்கு நாடி பார்க்கும்போது, அவர் கையைப் பிடித்தபடி நின்றே தூங்கிவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் இந்த வருஷம் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று ட்யூட்டர் மேடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெரியவர் மட்டும் கோபப்படவில்லையாம். மெதுவாகக் கேட்டாராம்: "எண்ணி முடிச்சிட்டியாம்மா? கைய எடுத்துக்கவா?"

சத்தத்தைத் தேடி

நைட் டூட்டிப் பிள்ளைகள் பகலில் தூங்கும் அறையில் எட்டுக் கட்டில், ஒரே ஃபேன். கரண்ட் போனால் அதுவும் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய? சத்தத்தையாவது நிறுத்துவோம் என்று கிரைண்டரைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். எவர்சில்வர் குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் குடம். வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு என் பழைய புடவை. அதோடு, பக்கத்து அறையில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் செய்யும் பூஜையில், திருவந்திபுரம் பெருமாள் படத்துக்கு முன்னால் செல்விக்காகவும் வேண்டிக்கொண்டு, மணியை இன்னும் கொஞ்ச நேரம் அடித்தேன்.

அப்படியும் பொண்ணு கண் சிவந்துதான் எழுந்து வந்தாள். சமையல்கார அலமேலு அலுத்துக்கொண்டாள்: "கொழம்பு தாளிக்கவாவது உடுவீங்களாக்கா, இல்ல வெடிக்காதன்னு கடுகுகிட்டயும் சொல்லிட்டு வரட்டுமா?"

பலாப்பழத்தோடு வந்தவர்

ஒருநாள் காலை செல்வியின் அப்பா பலாப்பழத்தோடு வந்தார். லாரி டிரைவர். அவள் இப்போதுதான் படுத்தாள் என்றேன். "எழுப்பாதீங்க, நான் இருக்கேன்" என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார்.

பூஜையை முடித்துக் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தால், அப்பா பக்கத்தில் செல்வி! "யாரும்மா எழுப்பினது?" என்றேன். அவள் அப்பா கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நானும் ராத்திரி வண்டி ஓட்டிட்டுப் பகல்ல தூங்கறவன்தான். மத்த சத்தம்லாம் பழகிடும். சாமி மணி கேட்டா மட்டும் கை தானா கும்புடப் போவும், தூக்கம் போயிடும்."

ஏண்டி சொல்லவில்லை என்று செல்வியைக் கேட்டேன். "எனக்காகத்தான் வேண்டிக்கிறீங்கன்னு அலமேலு அக்கா சொன்னாங்க. நிறுத்துங்கன்னு எப்படிம்மா சொல்றது?"

துணி சுற்றின மணி

அன்றைக்கே மணியின் நாக்கில் துணியைச் சுற்றினேன். மறுநாள் முதல் பெருமாளுக்கு முன்னால் சத்தமில்லாமல் ஆட்டினேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மீதி நாலு ராத்திரியும் வார்டில் செல்வி கண் அசரவில்லை. பரீட்சையும் எழுதினாள்.

நைட் டூட்டி முடிந்த அன்று பலாப்பழத்தை அறுத்தோம். சுளையை வாயில் போட்டபடி அலமேலு சொன்னாள்: "நாலு நாளாத்தான்க்கா என் கடுகு பயமில்லாம வெடிக்குது."

பொண்ணு தூங்கணும் என்று நான் மணி அடித்து அடித்துக் கேட்ட வரத்தை, மணி சத்தத்தை நிறுத்தின பிறகுதான் பெருமாள் கொடுத்தார்.