மணியம் வீட்டில் அடித்த போன்

நீலாய் தொழிற்சாலையில் காலை வேலை முடிந்து தோட்டத்துக்குத் திரும்பும் ரோகினியின் கண்ணில் முதலில் படுவது, கோயில் மண்டபப் படியில் கிடக்கும் செருப்புகள்தான். யாருக்காவது இணையத்தில் மனு நிரப்ப வேண்டியிருக்கும். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் மடிக்கணினி வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். முகம் கழுவக்கூட விடமாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு மலிவு விலை வீட்டுக்கு ஒரே மாலையில் பதினொரு மனு. தோட்டத்தின் மேல் டிவிஷன் ஆட்கள் எல்லாருக்கும் முகவரி ஒன்றே. கடிதங்கள் தோட்ட ஆபிசுக்குத்தான் வரும். வீட்டு எண் மட்டும் மாறும். முதல் மனுவுக்குத் தட்டியதை அந்த இணையப் பக்கமே அடுத்த மனுவிலும் நிரப்பிக் காட்டியபோது ரோகினிக்கு நிம்மதியாக இருந்தது. மாற வேண்டியதை மட்டும் மாற்றி அனுப்பினாள்.

இன்று படியில் ஒரு ஜோடி செருப்புதான். லெட்சுமி. முப்பத்து நான்கு வருடம் செம்பனைக் காட்டில் மருந்தடித்தவள். மாதக் கடைசியில் ஓய்வு. அன்றே லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். போக வேறு இடமில்லை.

"எல்லாரையும் போன் போட்டு இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்களாம் லா. எனக்குத்தான் அடிக்கல. என் மூஞ்சி புடிக்கலியோ என்னமோ."

"போன்ல மூஞ்சி தெரியாதுக்கா. இருங்க, பாக்குறேன்."

அனுப்பிய மனுவின் நகலைத் திறந்தாள். பெயர் சரி. அடையாள அட்டை எண் சரி. வீட்டு எண்ணும் சரி. தொலைபேசி எண் மட்டும் லெட்சுமியுடையது அல்ல. அவளுக்கு முன்னால் நிரப்பிய மணியத்துடையது.

ரோகினிக்கு அப்போதுதான் புரிந்தது. நிரப்பியதை அந்தப் பக்கம் இந்தக் கணினியின் உலாவிக்குள்ளேயே ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு கணினிக்கு ஒரே ஆள் என்பது அதன் எண்ணம். இங்கே ஒரு கணினிக்கு ஒரு லயமே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பதினோராவதாக வந்த லெட்சுமியின் மனுவில் அவள் கண்தான் சோர்ந்துவிட்டது.

மணியம் வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆமா, ரெண்டு தடவ வந்துச்சு. வீட்டுல புவான் இருக்காங்களா, அம்மாகிட்ட பேசணும்னு கேட்டான். என் பொண்டாட்டி செத்து ஆறு வருஷம், எந்தப் புவான்? ஏமாத்துக்காரன்னு கட் பண்ணிட்டேன். தெரியாத நம்பர்ல பேசாதீங்கன்னு நீதானம்மா சொன்ன?"

அவள்தான் சொல்லியிருந்தாள்.

மணியத்துக்கு அழைப்பு வந்த அந்த எண்ணை வாங்கி அழைத்தாள். நாளை நான்கு மணிக்குள் நேரில் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம், பிறகு அடுத்த வருடம்தான் என்றார் வீட்டு மனுக்களைப் பார்க்கும் அதிகாரி. லெட்சுமியோடு போக லீவு கேட்டாள்; இந்த மாதம் இது மூன்றாவது. சூப்பர்வைசர் அவள் செய்தியைப் படித்தார்; பதில் எழுதவில்லை. உலாவியில் சேர்ந்திருந்ததை எல்லாம் அழித்தாள். இனி ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து தட்ட வேண்டும்.

மறுநாள் மம்பாவ் தாண்டும்வரை பஸ்ஸில் லெட்சுமி தன் எண்ணை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சிரம்பான் அலுவலக முகப்பில் அதிகாரி எண்ணைக் கேட்டதும், ரோகினியை முந்திக்கொண்டு, "கொசோங், சத்து, ஏனாம்..." என்று மலாயில் கடைசி இலக்கம்வரை சொன்னாள்.

அதிகாரி சரிபார்க்க அங்கேயே அழைத்தார். லெட்சுமியின் பைக்குள் மணி அடித்தது. பதறித் துழாவி எடுத்து, எதிரே நின்ற அவரையே பார்த்துக்கொண்டு, "ஹலோ, யாரு?" என்றாள்.

அவர் சிரித்தபடி பட்டியலில் பெயரை எழுதிக்கொண்டார். ரோகினிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்தாள்.