ஐஸ் பெட்டியில் நான் கொண்டுவந்த அண்ணன்

இசக்கி அண்ணே, இன்றைக்குக் காலையிலும் உன் பாட்டில் தண்ணீர் மஞ்சளாகித்தான் இருந்தது. ராத்திரி நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாய் என்று வித்யாக்கா சொன்னாள்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றும் புரியாது, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது மாட்டுங்கா பக்கம் ஒரு யுனிவர்சிட்டி லேபில். ஈரலில் வரும் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிற லேப். இங்கே காலையில் வருகிறவர்கள் பையைக்கூட கீழே வைக்காமல் நேராக இன்குபேட்டரைத்தான் திறந்து பார்ப்பார்கள். கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரி எப்போதும் உடம்புச் சூட்டிலேயே இருக்கும் பெட்டி அது. உள்ளே தட்டையான சின்னச் சின்ன பாட்டில்களில் ரோஸ் சர்பத் நிறத்தில் தண்ணீர் இருக்கும். நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் வளரும். தண்ணீரில் உள்ள சத்தை அவை தின்று தீர்த்தால் நிறம் மஞ்சளாகிவிடும். மஞ்சளைப் பார்த்தால் இவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் ஊரில் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லி தேடி ஓடுவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவர்கள் மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அண்ணன்தான். தாராவியிலிருந்து டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெட்டிகளுக்குக் கேஸ் வேண்டும், அந்தக் கேஸ் சிலிண்டரை இறக்குவது அவன். சிலிண்டரைச் சாய்த்து, ஒரு கையால் உருட்டிக்கொண்டே வராந்தாவில் வருவான். ஷிண்டே பாவ் என்று ஒரு மராட்டிக்காரர் இங்கே டெக்னீஷியன். நாம் அண்ணே என்பது போல இவர்கள் பாவ் என்பார்கள். அவர்தான் ஆள் தேடுவதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை சிலிண்டரோடு என்னையும் இறக்கிவிட்டுப் போனான். கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும். வேலை முடிந்த பாட்டில்களை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய குக்கரில் போட்டு அவிக்க வேண்டும், கிருமி ஒன்றும் உயிரோடு வெளியே போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கும் நாளில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், வெட்டி எடுத்ததை வாங்கி வர வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் அந்தக் குக்கர் எனக்கு அடங்கினது மாதிரி வேறு யாருக்கும் அடங்கியதில்லை.

இங்கே இருப்பவர்கள் செல்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் ஏதோ தொட்டில் கட்டிய வீடு என்று நினைப்பீர்கள். வித்யாக்கா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், இங்கே பிஎச்டி செய்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சித்தி பெண்ணுக்குக் கல்யாணம். பட்டுப் புடவையோடு வந்து, மேலே வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு தண்ணீர் மாற்றினாள். "முகூர்த்தத்துக்கு நாழியாச்சு, இதுகளுக்குப் பசிக்கறதே, என்ன பண்றது சொல்லு" என்றாள். தீபாவளி, பிள்ளையார் சதுர்த்தி, கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் மழை, எதற்கும் லீவு கிடையாது. யாராவது ஒருவர் வந்தே தீர வேண்டும்.

அண்ணனுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது எல்லோரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். குடிப்பானா? சொந்தக்காரர்கள் கேட்டார்கள், நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுச் சாலில் பக்கத்து ரூம்காரர்கள் கேட்டார்கள், ஷிண்டே பாவும் கேட்டார். என் அண்ணன் ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்த ஆத்திரத்தில் நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியிலேயே நின்று அழுதேன். தேஷ்பாண்டே மேடம்தான், இந்த லேபுக்கே பெரியவர், பக்கத்தில் வந்து நின்று விளக்கினார். மஞ்சள் காமாலையில் ஒரு வகைக் கிருமி இருக்கிறதாம். அது வருஷக்கணக்காகச் சத்தம் காட்டாமல் ஈரலில் உட்கார்ந்திருந்து இப்படிச் செய்யுமாம். அன்றைக்கே எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க வைத்தார், ஒன்றும் இல்லை என்றதும் தடுப்பூசி போட வைத்தார். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். குடிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செம்பூரில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் டாக்டர் வந்து, வெட்டி எடுக்கிற கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"தூரப் போடுறதத்தானட்டி கேக்காவ. குடுத்துருவோம். நான் எறக்குன கேஸுக்கு ஒரு வேல வேணும்லா."

அன்றைக்கு ஷிண்டே பாவ் லீவு. நான் எப்படியும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். ஆபரேஷன் முடிந்து அண்ணன் கண் விழிப்பதற்கு முன்னால், பெட்டியை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் ஏறினேன். மடியில் ஐஸ் பெட்டியைப் பார்த்த டிரைவருக்கு மீன் என்று சந்தேகம். "மச்சி ஹை க்யா?" என்று கேட்டார். அண்ணனுடையது என்று இந்தியில் சொல்லிவைத்தேன். அண்ணனுக்கு மீன் கடை என்று அவர் முடிவு செய்துவிட்டார். சயான் வரும்வரை மீன்காரர்களைத் திட்டிக்கொண்டே, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார். நான் காற்றில் முந்தானையை இழுத்துப் பெட்டியின் மேல் போர்த்திக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அண்ணன் நன்றாகத்தான் இருந்தான். டெம்போகூட ஓட்டினான். நோய் திரும்ப வந்தபோது அது ஈரலோடு நிற்கவில்லை. சயான் சுடுகாட்டில் எரித்தோம். கொள்ளி வைத்தது சித்தப்பா மகன், நான் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். அஸ்தியை ரயிலில் கொண்டுபோய்த் தாமிரபரணியில் கரைத்தோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கே இருந்தால் எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். இங்கே எனக்குக் கழுவ பாட்டிலாவது இருக்கும்.

லேபில் நுழைந்ததும் ஷிண்டே பாவ் என் கையில் ஒரு பேடாவை வைத்தார். பால்கோவா மாதிரி இருக்கும் இனிப்பு. இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் கட்டிகள் பெரும்பாலும் பாட்டிலில் பிழைக்காது, சில வாரத்திலேயே வாடிவிடும். எப்போதாவது ஒன்று வேர் பிடித்து, இனி சாகாது என்று ஆனால், எல்லோருக்கும் பேடா கொடுப்பார்கள். துக்க வீட்டிலிருந்து வருகிறவளுக்கு இனிப்பா என்று அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு, சாப்பிடு மகளே, நல்ல காரியம்தான் என்றார். நானும் வாயில் போட்டுக்கொண்டேன்.

வித்யாக்கா என்னை மைக்ராஸ்கோப்பிடம் கூப்பிட்டாள். "வந்து பாரேன் பேச்சி, எவ்ளோ அழகா இருக்குன்னு. இவ்ளோ அடம்பிடிக்கற செல்ஸை நான் பாத்ததே இல்ல."

பாட்டிலின் மேல் பேர் இருக்காது. எண்ணும், வந்த தேதியும் மட்டும்தான். ஆள் யாரென்று லேபில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது சட்டம். ஆனால் அன்றைக்கு வந்தது ஒரே பெட்டி, அதைக் கொண்டுவந்தவள் நான். அந்தத் தேதி எனக்கு எப்படி மறக்கும்? பேடா வாயில் கரையவும் இல்லை, துப்பவும் முடியவில்லை. வித்யாக்கா, இது எங்க அண்ணன் என்றேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதுடி. தெரிஞ்சிருந்தா ஒன்னைக் கூப்பிட்டுக் காமிச்சிருப்பேனா?" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அந்த அறையில் சிலிண்டர் அண்ணாவைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஷிண்டே பாவ் பேடா டப்பாவை மூடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இந்தப் பாட்டில் உனக்குத் தெரிந்திருக்கவே கூடாது, தப்பு எங்களுடையது என்றார். பிறகு, கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற உரிமை குடும்பத்துக்கு எப்போதும் உண்டு, வேண்டாம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்றார். அழிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ப்ளீச் ஊற்றி, என் குக்கருக்கு அனுப்புவார்கள். சயானில் என்னை வாசலில் நிறுத்தினார்கள். இங்கே கொள்ளி என் கையில் இருந்தது. உனக்குப் பதிலாக ஷிண்டே செய்வார் என்று மேடம் சொன்னபோது, வேறு யாரும் தொடக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

அம்மாவிடம் மறைக்க எனக்கு வரவில்லை, போனில் சொல்லிவிட்டேன். அம்மா வெடித்தாள்.

"எம்புள்ளயத் தின்ன சனியனுக்குச் சோறு போட்டு வளக்கீங்களா? நீயும் கூட நிக்கியாட்டி? எரிச்சுரு. மிச்சம் மீதி வச்சா அவன் எப்பிடிப் போய்ச் சேருவான்?"

நாலைந்து நாள் அம்மா எப்போது கூப்பிட்டாலும் முதல் கேள்வி, எரித்துவிட்டாயா என்பதுதான். நான் இன்னும் இல்லை என்பேன். அவள் வைத்துவிடுவாள். அம்மா சொன்னதில் தப்பில்லை. அது அண்ணன்தானா, இல்லை அண்ணனைக் கொன்றதா? எனக்கே தெரியவில்லை. கழுவும் தொட்டியடியில் நின்றுகொண்டு இன்குபேட்டர் கதவையே பார்ப்பேன். மேடம் என்னை அவசரப்படுத்தவில்லை. மற்றவர்களும் அந்தப் பாட்டிலுக்குத் தண்ணீர் மட்டும் மாற்றி வைத்தார்கள்.

ஒருநாள் நானாகவே வித்யாக்காவிடம் போய், இதை வைத்துக்கொண்டு என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். இத்தனை காலம் இங்கே வேலை பார்த்தும் நான் அதைக் கேட்டதில்லை. அவள் வேறொருவரின் செல்கள் இருந்த ஒரு தட்டைக் காட்டினாள். சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மருந்து. சில குழிகளில் செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. சில குழிகளில் சுருங்கி, உருண்டையாகி, பிடி விட்டு மிதந்தன. மிதக்கிறதெல்லாம் செத்தது என்றாள். எதனால் செத்தது என்று கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு சோறும். அடம்பிடிக்கிறதைக் கொல்லத் தெரிந்தால் மற்றதையும் கொல்லலாம். சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். "எம்மா, அத வளக்கது வாழ வைக்கதுக்கு இல்லம்மா. கொல்லதுக்குத்தான். தெனமும் ஒரு மருந்து ஊத்தி, எதுல சாவுதுன்னு பாப்பாவ. நான் எரிச்சா அது ஒரு தடவதான் சாவும்."

அம்மா இந்த முறை போனை வைக்கவில்லை.

"வலிக்குமாட்டி அவனுக்கு?" என்றாள்.

அவனுக்கு வலிக்காது, அதுக்குத்தான் என்றேன்.

"அப்பம் கொல்லட்டும். நல்லாக் கொல்லட்டும். நீ பக்கத்துலயே நில்லு."

மறுநாள் மேடத்திடம், இருக்கட்டும் என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். இப்போது அந்தத் தட்டுகள் வேலை முடிந்து வந்தால் அவிப்பது நான்தான். குக்கர் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள்வேன். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஷிண்டே பாவ் இருந்தால் அவரும் தொப்பியைக் கழற்றுவார்.

காலையில் பாட்டில் மஞ்சளாக இருந்தால், அவன் சாப்பிட்டிருக்கிறான் என்று என் மனசு குளிர்கிறது. மத்தியானம் வித்யாக்கா மருந்தை ஊற்றும்போது, எல்லாம் மிதக்க வேண்டும் என்று அதே மனசு வேண்டுகிறது. ஆற்றில் கரைந்தவனுக்கு அம்மா அங்கே விளக்கேற்றுகிறாள், நான் இங்கே கரையாததற்குக் காவல் இருக்கிறேன். இரண்டு பேருமே அவனோடுதான் இருக்கிறோம். இதைப் படிக்கிறவர்கள் கோயிலுக்குப் போனாலும், பள்ளிவாசலுக்குப் போனாலும், மாதா கோயிலுக்குப் போனாலும், ஒரு நிமிஷம் எங்களுக்காக ஒதுக்குங்கள். அங்கே போய்ச் சேர்ந்த என் அண்ணன் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். இங்கே இருக்கிறது சீக்கிரம் சாக வேண்டும் என்றும் அதே மூச்சில் வேண்டிக்கொள்ளுங்கள்.