உப்பின் மேல் போட்ட பழி

முதலில் வந்தது வலி இல்லை, வெளிச்சம். பாத்தியில் குனிந்து பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருப்பேன். பார்வையின் ஓரத்தில் ஒரு பொட்டு மின்னும். அது வளைந்து நெளிந்து, ரம்பப் பல் போல வெட்டு வெட்டான ஒரு வளையமாகப் பெரிதாகும். கொஞ்ச நேரத்தில் எதிரே நிற்கிற மேஸ்திரியின் முகத்தில் பாதி காணாமல் போய்விடும். அந்த முகம் போனதில் எனக்கு வருத்தமில்லை என்பது வேறு விஷயம். பிறகு வெளிச்சம் அடங்கி, தலையின் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும். குமட்டும்.

மரக்காணம் உப்பளத்தில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான். உப்பு கண்ணை அடிக்குது, முந்தானையை இழுத்து மூடிக்கோ. வெள்ளை உப்பையே பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறோம். எல்லாருக்கும் கண் கூசுகிறது, எல்லாருக்கும் தலை வலிக்கிறது. அதனால் இங்கே யாருக்கு என்ன வந்தாலும் பழி உப்பின் மேல் விழும். உப்பு வாயைத் திறந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

இதை நான் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்காக எழுதுகிறேன். சாப்பிடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காகவும். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று பாதியில் தூக்கிப் போட்டவர்களுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் உயிர் போய் வந்தது. ஆஸ்பத்திரியிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார்கள். என் மாமியார் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில், செத்தது யார் என்று பக்கத்து வார்டிலிருந்து வந்து பார்த்தார்கள். ஆண் பிள்ளை இல்லாமல் கத்தி படக் கூடாதாம். உப்பு லாரி ஓட்டுகிற என் கணவர் அம்மா பேச்சுக்குத் தலையாட்டினார். ஆணுறையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவருக்கு மானம் போய்விடும். என் உடம்பு போனால் அவருக்கு ஒன்றும் போகாது.

எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம். என் கோபமெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்பியதுதான்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், செய்தித்தாளில் சுற்றி, திருட்டுப் பொருளைத் தள்ளுவதுபோலக் கல்லாமேல் தள்ளினார். பிரஷர் பார்த்தாயா, தலைவலி உண்டா, புகை பிடிக்கிற பழக்கம் உண்டா, கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறாயா, எதுவும் கேட்கவில்லை. வாழைப்பழம் வாங்கினால்கூட பழுத்ததா காயா என்று கேட்கிறார்கள்.

அது கலப்பு ஹார்மோன் மாத்திரை (பெண் உடம்பில் சுரக்கிற இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்தது, கருமுட்டை வெளியே வராமல் தடுக்கும்). அட்டையில் ஹார்மோன் மாத்திரை முடிந்த பின் ஒரு வாரத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை இருக்கும். அதையும் விடாமல் விழுங்கினால்தான் அடுத்த அட்டையைச் சரியான நாளில் தொடங்க முடியும். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தில் பொடி எழுத்துத் தமிழ் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை எழுத்துப் பிசகாமல் செய்தேன்.

இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் என் கை பரணில் இருக்கிற பழைய பென்சில் டப்பாவுக்குப் போகும். தினமும் அதே நேரம். ஒரு நாள் மறந்தால் நினைவு வந்த உடனே போட்டுக்கொள்ள வேண்டும், அன்றைக்கு இரண்டு மாத்திரை ஆனாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டுப்போனால், மாத்திரையை மறுபடி தொடங்கினாலும் ஒரு வாரத்துக்கு அதை நம்பக் கூடாது. ஆணுறை வேண்டும், இல்லையென்றால் கிட்டே வரக் கூடாது. விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தால் அது விழுங்கியதில் சேராது, இன்னொன்று போட வேண்டும். காசநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கிற சில மருந்துகள் இதன் வேலையைக் கெடுக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அந்த வகையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுங்காகச் சாப்பிட்டேன். எனக்கு ஆகாத மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அந்தக் கோடையில் வெளிச்சம் அடிக்கடி வந்தது. உப்பு நன்றாக விளைகிற பருவம், அதனால்தான் என்று நினைத்தோம்.

ஒரு காலை, தலையில் கூடையோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். வலது கை கூடையை விட்டது. நான் விடவில்லை, கை விட்டது. உப்பு காலில் கொட்டியது. என்னோடு உப்பு வாருகிற மேரி ஓடிவந்து என்ன ஆச்சு என்றாள். கை மரத்துப்போச்சு என்று சொல்ல நினைத்தேன். நினைத்தது எல்லாம் உள்ளே சரியாக இருந்தது. வாய்க்கு வந்தது குழறல்.

வெயில் அடித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். உப்புப் போட்ட மோரை வாயில் புகட்டினார்கள். அது கடைவாய் வழியாக வழிந்தது. கொட்டகையில் படுக்கட்டும், சரியாகிவிடும் என்றார் மேஸ்திரி. கூடையை அடுக்கி வை என்று மேரியிடம் சொன்னார். நெடுநேரம் கழித்து என் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதை மேரி கவனித்தாள். அதற்குப் பிறகுதான் ஆட்டோ வந்தது. வழியில் என் மாமியாரையும் ஏற்றிக்கொண்டார்கள். புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பக்கவாதம் (மூளைக்குப் போகிற ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது) என்று ஸ்கேன் சொன்னது. கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு. சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்த நேரத்தை நாங்கள் மோருக்குக் கொடுத்துவிட்டோம்.

டாக்டரம்மா வந்தார். சிரிப்பு என்று ஒன்று இருப்பது தெரியாத முகம். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"ஒண்ணும் கெடையாதுங்க. தலவலிக்குக்கூட மாத்திர போடமாட்டா," என்றார் என் மாமியார், பெருமையாக.

மாத்திரை விஷயம் மேரி ஒருத்திக்குத்தான் தெரியும். நான் பார்வையால் அவளைக் கெஞ்சினேன். சொல்லு என்று கெஞ்சினேனா, சொல்லாதே என்று கெஞ்சினேனா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. சொன்னால் வீட்டில் என் பாதுகாப்பு போகும். சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பாகப் போகும்.

மேரி என் மாமியாரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "கருத்தட மாத்திர சாப்பிடுது டாக்டர். ரொம்ப நாளா."

என் மாமியார் கட்டிலின் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. என் பக்கம் குனிந்தார். தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி வருமா, ஆமாம் என்றால் கண்ணை மூடித் திற என்றார். மூடித் திறந்தேன். அது உப்பு வெயிலுங்க, எங்க எல்லாருக்கும் வரும் என்று மேரி குறுக்கே சொன்னாள்.

"மழக்காலத்துல, உப்பளம் மூடிக் கெடக்கும்போது வந்திருக்கா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. போன மழையில் ஒரு நாள், புயல் என்று கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். பகலிலேயே இருட்டு. அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரைக்குள் அந்த ரம்பப் பல் வளையம் சுற்றியது. வெயில் இல்லை. வீட்டில் இருந்த உப்பெல்லாம் மூடி போட்ட ஜாடிக்குள் இருந்தது.

கண்ணை மூடினேன். திறக்கும்போது தண்ணீர் வழிந்தது.

அதற்குப் பெயர் ஆரா (ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் மூளையில் கிளம்பி, கண்ணில் தெரிகிற வெளிச்சம்). ஆராவோடு தலைவலி வருகிற பெண்கள் கலப்பு மாத்திரையைத் தொடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் பக்கவாதம் வருகிற அபாயம் கூடும். ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்கள், முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியவர்கள், முப்பத்தைந்து தாண்டியும் பீடி சிகரெட் பிடிப்பவர்கள், ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், இவர்களுக்கும் இது ஆகாது. மற்றப் பெண்களில் பெரும்பாலோருக்கு இது நல்ல மாத்திரை. டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு, படிச்ச பொண்ணு நீ, ஒரு வார்த்தை கேக்க மாட்டியா என்று என்னைத் திட்டினார். வாய் இல்லாதவளைத் திட்டுவது சுலபம். இப்போது பதில் சொல்கிறேன்: கேட்கத் தெரிந்தவள்தான் கேட்க வேண்டும் என்றால், விற்கிறவர் எதற்கு, வெள்ளைக் கோட்டு எதற்கு?

பேச்சு திரும்பி வந்தது. ஒரே நாளில் வரவில்லை. முதலில் என் இரண்டு பெண்களின் பெயர்கள் வந்தன. பிறகு 'தண்ணீர்' என்ற வார்த்தை வந்தது. 'வேண்டாம்' என்ற வார்த்தைக்குத்தான் மிகவும் கஷ்டப்பட்டேன். உதடு ஒட்டாமல் 'ஏண்டாம்' என்று வரும். கையில் ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொன்னார்கள். பந்து அமுங்காத நாட்களில் யார் முகத்தையாவது நினைத்துக்கொண்டு அமுக்கினேன். அதில் பலன் இருந்தது.

நான் வீடு வருவதற்குள் கதை தெருவைச் சுற்றிவிட்டது. புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரை தின்றாள், வாய் கோணிவிட்டது. என் மாமியார் குழாயடியில் இதைச் சொல்லும்போது கோணல் வாயை நடித்தும் காட்டினாராம். தலைவலி என்றால் என்னவென்றே தெரியாத, பிரஷர் சரியாக இருந்த தனம், எங்கள் எதிர்வீட்டுக்காரி, அட்டையைப் பாதியில் கூரை எரவாணத்தில் செருகிவிட்டாள். இப்போது அவள் நாலாவதைச் சுமக்கிறாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எனக்கு வந்த வியாதிக்கு அவளுக்கு வைத்தியம் பார்த்தவர் என் மாமியார். அவரை நான் மன்னிக்கவில்லை. எழுதிவிட்டேன், படித்துக்காட்ட யாராவது இருந்தால் படித்துக்காட்டட்டும்.

மறுபரிசோதனைக்கு நான், என் கணவர், மாமியார் மூவரும் போனோம். என் மாமியார் புதுப்புடவை கட்டியிருந்தார். இனிமே மாத்திர சாப்பிடக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, கடவுளாப் பாத்து ஒரு ஆம்பளப் புள்ளையக் குடுப்பாரு என்றார். இப்போதைக்குக் கர்ப்பம் இவள் உயிருக்கு ஆபத்து என்று டாக்டரம்மா சொன்னார். என் கணவர் தரையைப் பார்த்தபடி, அப்ப இவளுக்கு ஆபரேஷன் பண்ணிடுங்க டாக்டர் என்றார். மயக்க மருந்து, கத்தி எல்லாம் இவளுக்குக் கொஞ்ச காலம் தள்ளிப்போட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

நான் நாக்கை மேல் அண்ணத்தில் வைத்துத் தயார் செய்தேன். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். என் கணவர் வழக்கம்போல என் வாக்கியத்தைத் தானே முடிக்கப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எனக்கு வேணாம். அவருக்குப் பண்ணுங்க."

சுத்தமாக வந்தது. ஒரு எழுத்தும் குழறவில்லை.

என் மாமியார் எழுந்து வெளியே போனார். என் கணவருக்கு வேர்த்தது. டாக்டரம்மாவின் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்றை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆண்களுக்கான ஆபரேஷன் சின்னது, கொஞ்ச நேரத்தில் முடியும், அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம், ஆனால் பிறகு மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்த பின்தான் அதை நம்ப வேண்டும் என்று அவருக்கு விளக்கினார். யோசித்துச் சொல்கிறேன் என்றார் என் கணவர். அவர் யோசித்து முடிக்கிற வரை என் வயிறு காத்திருக்க முடியாது. அன்றைக்கே எனக்குக் காப்பர் டி (கருப்பையில் வைக்கிற செம்புக் கம்பி, ஹார்மோன் இல்லாதது, ரத்தக்குழாய்க்குக் கெடுதல் செய்யாதது) போட்டார்கள். முதல் சில மாதம் உதிரம் அதிகமாகப் போனது. தாங்கிக்கொண்டேன்.

மறுபடி உப்பளத்துக்குப் போகிறேன். கூடை தூக்குவதில்லை, பலகைதான். வலது கை நான் சொல்லி ஒரு மூச்சு கழித்துத்தான் கேட்கிறது. முன்பெல்லாம் உடம்பு என்று தனியாக ஒன்று இருப்பது தெரியாமல் நாளை ஓட்டினேன். இப்போது ஒவ்வொரு காரியத்துக்கும் முன்னால் அதனிடம் அனுமதி கேட்கிறேன். வெளிச்சம் எப்போதாவது வருகிறது. உப்பு என்று சொல்வதில்லை. வரப்பில் உட்கார்ந்துவிடுகிறேன். மேஸ்திரி கத்துகிறார். அவர் முகம் பாதி போகிற வரை காத்திருந்து, அது முழுதாகத் திரும்பிய பிறகு எழுகிறேன். மாத்திரை கேட்டு வருகிற பெண்களிடம், மழைக்காலத்தில் வெளிச்சம் வந்ததுண்டா என்று முதலில் கேட்கிறேன். இல்லை என்றால் பிரஷர் பார்த்துவிட்டுச் சாப்பிடு என்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், மூச்சு முட்டினாலும், கை மரத்தாலும் மோர் குடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்கிறேன்.

இரவில் பாத்திரம் கவிழ்த்ததும் என் கை இன்னும் பரணுக்குப் போகிறது. பென்சில் டப்பா காலி. அந்த நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது, தினமும் வருகிறது. அதை வீணாக்குவதில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு என் கணவரின் எதிரே போய் நின்று கேட்கிறேன்.

"ஆபரேஷனுக்கு எப்பப் போறீங்க?"

லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தால் போனில் கேட்கிறேன். ஒரு நாள் மறந்துபோனால், நினைவு வந்த உடனே கேட்டுவிடுகிறேன். அன்றைக்கு இரண்டு தடவை ஆனாலும் பரவாயில்லை.