நெகட்டிவ் குழந்தைக்கு வந்த நிமோனியா

"நோய் இல்லேன்னு நீங்கதானே சொன்னீக சிஸ்டர்? பெறகு ஏன் புள்ளைக்கு இப்படி மூச்சு வாங்குது?"

குழந்தைகள் வார்டு வாசலில் என்னை மறித்துக் கேட்டவர் பேச்சியம்மாள். உள்ளே அவருடைய தம்பி மகள் பவித்ரா ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தாள். தம்பி எச்.ஐ.வி.யில் இறந்துபோனார். தம்பி மனைவி செல்விக்கும் தொற்று இருந்தது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஓடைப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தாள்.

நான் அப்போது தேனிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ஒன்றரை வயதில் எடுத்த டெஸ்டில் பவித்ராவுக்கு நெகட்டிவ் என்று வந்ததும், அதைச் சொன்னது நான்தான். அதுவரை குழந்தையைத் தொடாத பேச்சியம்மாள் அன்றுதான் முதன்முதலாக வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு பகலெல்லாம் அவரிடம்தான் வளர்ந்தாள். சில மாதங்களிலேயே நிமோனியா.

"பொய் சொல்லித்தான் எங்களைத் தூக்க வச்சீகளா?"

செல்வி சுவரைப் பார்த்தபடி நின்றாள். நாத்தனார் கைவிட்டால் அவளுக்கு வேறு ஆள் கிடையாது. நெகட்டிவ் என்றால் மற்ற குழந்தைகளைப் போலத்தான் என்று நானும் நினைத்திருந்தேன்.

டாக்டர் இருவரையும் தனியாக அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். நானும் போனேன்.

"புள்ளைக்கு எச்.ஐ.வி. இல்லம்மா. சந்தேகம்னா இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். ஆனா, நோயோட போராடுற உடம்புக்குள்ள வளந்த புள்ள இது. தாய்கிட்ட இருந்து வர வேண்டிய எதிர்ப்புச் சக்தி கொறச்சலா வந்திருக்கலாம். நோய் தொத்திரக் கூடாதுன்னு தாய்ப்பாலும் குடுக்கல. சொந்தமா சக்தி வளரக் கொஞ்ச காலம் ஆகும்."

"அப்ப தேறிக்கிருமா?" என்றார் பேச்சியம்மாள்.

"தேறிரும். சளி, காய்ச்சல்னா உடனே தூக்கிட்டு வாங்க. தடுப்பூசி ஒண்ணைக்கூட விடாதீங்க."

செல்வி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஒரு ஊசி விட்டுப்போச்சு சார். காய்ச்சல் வரும்னு பயந்துக்கிட்டு நான்தான் போடல."

மறு டெஸ்டும் நெகட்டிவ். ஆன்டிபயாட்டிக் கேட்டது, பவித்ராவுக்கு மூச்சிரைப்பு அடங்கியது. வீட்டுக்குப் போகும் நாளில் பேச்சியம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். காய்ச்சல் முழுக்க விட்டதும் அவரே குழந்தையைத் தூக்கிவந்து, விட்டுப்போன ஊசியைப் போடவைத்துக் கூட்டிப்போனார்.

அதன்பிறகும் பவித்ரா அட்மிட் ஆனாள். ஒருமுறை வயிற்றுப்போக்கு, ஒருமுறை மறுபடி நெஞ்சுச் சளி. ஆனால் ஒவ்வொரு தடவையும் சீக்கிரமே கொண்டுவந்தார்கள், சீக்கிரமே தேறினாள். போகப்போக இடைவெளி நீண்டது.

அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம், செல்விக்கு மாத்திரை வாங்கும் நாளில் பேச்சியம்மாளும் கூட வந்தார்.

"எங்க பவித்ரா?" என்று பதறிக் கேட்டேன்.

"அவ பள்ளிக்கூடத்துல இருக்கா சிஸ்டர். போன வாரம் சளி பிடிச்சு லேசாக் காஞ்சுச்சு. தூக்கிட்டுக் கெளம்புறதுக்குள்ள சூடு தணிஞ்சு வெளையாட ஓடிட்டா. இப்ப அவ உடம்பே பாத்துக்கிருது."

அந்த வார்டு வாசல் கேள்விக்குப் பிறகு, ரிசல்ட் நெகட்டிவ் என்று சொல்லி எந்தத் தாயையும் நான் உடனே அனுப்பியதில்லை. உட்காரவைத்து, இனி அந்தக் குழந்தைக்கு என்னென்ன வரலாம், வந்தால் ஏன் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன். தொற்று இல்லை என்பது நல்ல செய்தி. அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.